சிறு தொழிலுக்கு ஏர் கம்ப்ரசர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஏர் கம்ப்ரசர் சர்வீஸ்தான் என் வேலை. விற்பனை கிடையாது. பஞ்சர் கடை, பெயிண்டிங் ஷெட், தச்சுப் பட்டறை, பல் கிளினிக், பனியன் யூனிட் என்று டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன். வாங்குவதற்கு முன்னால் கூப்பிட்டுக் கேட்பவர்கள் குறைவு. வாங்கி ஆறு மாதம் கழித்து, "அண்ணா, காத்தே ஏற மாட்டேங்குது" என்று கூப்பிடுபவர்கள்தான் அதிகம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை ஹெச்பி வாங்கலாம்?

எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். ஹெச்பி என்பது மோட்டாரின் பலம். உங்கள் ஸ்பிரே கன்னுக்கு மோட்டாரின் பலம் தெரியாது, வந்து சேரும் காற்றுதான் தெரியும். அதனால் இரண்டு கணக்கைக் கேளுங்கள்: நிமிடத்துக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தத்தில்.

காற்றின் அளவை சிஎஃப்எம் என்பார்கள். 1 சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். அழுத்தத்தைக் கடையில் கிலோ என்றோ பிஎஸ்ஐ என்றோ சொல்வார்கள். 1 கிலோ சுமார் 14 பிஎஸ்ஐ. பிஸ்டன் கம்ப்ரசரில் 7 கிலோ அழுத்தத்தில் 1 ஹெச்பிக்கு 3 முதல் 3.5 சிஎஃப்எம் உண்மையான காற்று கிடைத்தால் சரியான மிஷின். நல்ல மிஷினில் 4 வரை வரும். அதற்கு மேல் யாராவது சொன்னால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கடைக்காரர் 5 ஹெச்பிக்கு 22 சிஎஃப்எம் என்கிறார், நீங்கள் 15, 16 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான், ஆனால் வேறு வேறு கணக்கு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடத்தைப் பெருக்கித் தள்ளுகிறது என்பது ஒன்று. இதை டிஸ்பிளேஸ்மென்ட் என்பார்கள். காகிதத்தில் போடும் கணக்கு அது. வால்வில் கசிவது, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் தங்குவது, சூட்டில் விரிவது எல்லாம் போக வெளியே வரும் காற்றை எஃப்ஏடி என்பார்கள். ஒரே தடவையில் முழுக்க அழுத்தும் ஒரு ஸ்டேஜ் பிஸ்டன் மிஷினில் டிஸ்பிளேஸ்மென்ட்டில் 65, 70 சதவீதம் எஃப்ஏடியாக வந்தாலே நல்லது.

விளம்பரத் தாளில் பெரிய எண் இருந்தால் அது பெரும்பாலும் டிஸ்பிளேஸ்மென்ட்தான். "7 கிலோவில் எஃப்ஏடி எவ்வளவு? கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் வேறு கடையைப் பாருங்கள்.

அதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். செல்போனில் இருக்கும் ஸ்டாப் வாட்ச் போதும். ஷோரூமிலேயே செய்யலாம், வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

டேங்க்கின் அடியில் உள்ள டிரெய்ன் காக் என்ற வடிகால் குழாயைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். மூடுங்கள். காற்று வெளியே போகும் வால்வும் மூடியிருக்கட்டும். ஸ்டார்ட் செய்ததும் நேரத்தை ஓட விடுங்கள். முள் 7 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். டேங்க் 200 லிட்டர் என்றால் 200 × 7 = 1,400 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. 5 நிமிடம் ஆகியிருந்தால் நிமிடத்துக்கு 280 லிட்டர். 28-ஆல் வகுத்தால் 10 சிஎஃப்எம்.

ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அழுத்தும்போது காற்று சூடாகிவிடுவதால் முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், முள் 6.5-க்கு இறங்கியிருந்தால் 7-க்குப் பதில் 6.5 போட்டுக் கணக்கிடுங்கள். டீ குடித்து வருவதற்குள் முள் 4-க்கு இறங்கியிருந்தால் அது சூடு ஆறியதால் வந்ததல்ல. எங்கோ லீக்.

பழைய மிஷினுக்கும் வருடம் ஒருமுறை இதைச் செய்து நேரத்தைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். 5 நிமிடம் 7 நிமிடமாக நீண்டால் ரிங்கோ வால்வு பிளேட்டோ தேய்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிடாமலேயே தெரிந்துகொள்ளலாம்.

என் தொழிலுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

டூ வீலர் பஞ்சர் கடைக்கு 1 அல்லது 2 ஹெச்பி ஏராளம். கார் டயருக்கும் அதுவே போதும். 30, 35 பிஎஸ்ஐதானே. லாரி, பஸ் டயர் வந்தால் கதை மாறும். அதற்கு 110 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்க வேண்டும். 7, 8 கிலோவில் கட்-ஆஃப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும் ஒரு ஸ்டேஜ் மிஷினை வைத்துக்கொண்டு லாரி டயருக்குக் காற்றடிப்பது, டம்ளர் தண்ணீரில் குடத்தை நிரப்பப் பார்ப்பது போல. 12 கிலோ, அதாவது 175 பிஎஸ்ஐ வரை போகும் டூ ஸ்டேஜ் மிஷின் வாங்குங்கள். ஒரு சிலிண்டர் பாதி அழுத்தி, நடுவில் ஆறவிட்டு, இன்னொரு சின்ன சிலிண்டர் மீதியை அழுத்தும். சூடு குறைவு, ஆயுள் அதிகம்.

பெயிண்டிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஸ்பிரே கன் 6 முதல் 10 சிஎஃப்எம் கேட்கும். பெயிண்ட் குறைவாகச் சிதறும் ஹெச்விஎல்பி கன் 10 முதல் 15 வரை இழுக்கும், அதுவும் விடாமல். காற்றில் ஓடும் சாண்டர், அதாவது தேய்த்து மழமழப்பாக்கும் மிஷின், இன்னும் மோசம். 12 சிஎஃப்எம்முக்குக் குறையாது. கன்னையும் சாண்டரையும் ஒரே நேரத்தில் ஓட்ட ஆசைப்பட்டு 3 ஹெச்பி வாங்கியவர்கள் கடைசியில் கரண்ட் சாண்டர் ஒன்றை வாங்கி வைப்பார்கள். நான் முதலிலேயே அதைத்தான் சொல்வேன்.

தச்சுப் பட்டறையில் ஆணி அடிக்கும் கன் மட்டும் என்றால் காற்றே செலவாகாது, 1 ஹெச்பி போதும். அதே பட்டறையில் தூசி ஊதும் ஏர் கன் 10 சிஎஃப்எம் குடிக்கும்! கணக்கில் வைக்க எல்லோரும் மறப்பது எப்போதும் அந்த ஊதுகுழலைத்தான்.

கணக்குப் போடும் விதம் இது: ஒரே நேரத்தில் ஓடுபவற்றை மட்டும் கூட்டுங்கள், மேலே 30 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கன் 10, அவ்வப்போது ஊதுவது சராசரி 3, ஆக 13. 30 சதவீதம் சேர்த்தால் 17. அப்படியானால் நல்ல 5 ஹெச்பி மிஷின். அந்த 30 சதவீதம் எதற்கு என்றால், பிஸ்டன் மிஷின் ஓய்வெடுக்க வேண்டும். 10 நிமிடத்தில் 7, 8 நிமிடம் ஓடி மீதி நேரம் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடும் பிஸ்டன் மிஷினின் ஹெட்டில் கரி கட்டும், வால்வு பிளேட் உடையும், ஆயில் மேலே ஏறிக் காற்றோடு வரும். ஒன்றன் பின் ஒன்றாக இந்த வரிசையிலேயே வரும்.

பெரிய டேங்க் வாங்கினால் சின்ன மோட்டாரை வைத்துச் சமாளிக்கலாமா?

கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். 500 லிட்டர் டேங்க் 9 கிலோவில் நிற்கிறது, உங்களுக்குக் குறைந்தது 6 கிலோ வேண்டும் என்றால் நடுவில் உள்ள 3 கிலோதான் உங்கள் கையிருப்பு. 3 × 500 = 1,500 லிட்டர். 10 சிஎஃப்எம் கன் அதை 5 நிமிடத்துக்குச் சற்று மேலாகத் தின்றுவிடும். ஒரு கார் பானெட்டுக்கு வேண்டுமானால் போதும். டயர் கடை மாதிரி விட்டு விட்டுக் காற்று தேவைப்படும் இடத்தில் பெரிய டேங்க் நல்ல முதலீடு.

பிஸ்டனா, ஸ்க்ரூவா?

ஸ்க்ரூ மிஷினில் பிஸ்டனுக்குப் பதில் இரண்டு திருகு உருளைகள் சுற்றிக் காற்றை அழுத்தும். ஒரு நாளில் காற்று எத்தனை மணி நேரம் விடாமல் தேவை என்று பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டில் பட்டன் மிஷின், நூல் வெட்டும் மிஷின் எல்லாம் சேர்ந்து காலை முதல் இரவு வரை சீராகக் காற்று இழுக்கும். அங்கே ஸ்க்ரூதான் சரி. சத்தம் குறைவு, ஹெச்பிக்குக் கிடைக்கும் காற்றும் கூடுதல், நாள் முழுக்க ஓடினாலும் அலுக்காது.

ஆனால் பந்தாவுக்காக ஸ்க்ரூ வாங்காதீர்கள். போன வருடம் ஒரு பெயிண்டிங் ஷெட்டில் பார்த்தேன். புதிய ஸ்க்ரூ மிஷின், ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஓடுவதில்லை. அதுவும் 5 நிமிடம், 10 நிமிடமாக. ஆயில் தெரியும் சைட் கிளாஸில் பார்த்தால் ஆயில் பால் போட்ட டீ நிறத்தில் இருந்தது. ஸ்க்ரூ மிஷின் நன்றாகச் சூடேறினால்தான் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாக வெளியேறும். சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி, ஆயிலும் தண்ணீரும் கலந்து பேரிங்கைத் தின்ன ஆரம்பித்திருந்தது. விற்றவர் இதைச் சொல்லவேயில்லை என்று உரிமையாளர் வருத்தப்பட்டார். அந்த ஷெட்டுக்குப் பாதி விலையில் 5 ஹெச்பி பிஸ்டன் போதுமாக இருந்திருக்கும்.

ஆயில் இல்லாத கம்ப்ரசர் யாருக்கு?

பல் கிளினிக், லேப், உணவு பேக்கிங். வாய்க்குள்ளும் சாப்பாட்டிலும் படும் காற்றில் ஆயில் வாடை வரக்கூடாது, அவ்வளவுதான். பெயிண்டிங்குக்கு வேண்டியதில்லை, நல்ல ஃபில்டர் போதும். ஆயில் இல்லாத பிஸ்டன் மிஷினில் உராய்வு அதிகம் என்பதால் ரிங் சீக்கிரம் தேயும். மாற்று ரிங் செட் விலையையும் கையோடு கேட்டு வையுங்கள்.

சிங்கிள் பேஸில் ஓட்டலாமா?

3 ஹெச்பி வரை ஓட்டலாம். அதற்கு மேல் 3 பேஸ் சர்வீஸ் வாங்கிவிடுங்கள். 3 பேஸ் மிஷினுக்கு, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர் கட்டாயம். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுருளான வைண்டிங் எரிவதற்கு அதிக நேரம் ஆகாது.

சிங்கிள் பேஸில் நான் பார்க்கும் எரிந்த மோட்டார்களில் பாதிக்கு மேல் மோட்டாரின் குற்றமே இல்லை. ஒரு தச்சர் 3 ஹெச்பி மிஷினை வெளியே வைத்து, 30 மீட்டர் தள்ளி இருந்த போர்டில் இருந்து 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை இழுத்திருந்தார். ஓடும்போது 14 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு எடுக்கும். அந்த நொடியில் ஒயரிலேயே 50 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. மாலையில் ஊர் வோல்டேஜே 200-க்கு வந்துவிட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 150. அது சுற்றாமல் உறுமும், கெபாசிட்டர் வெடிக்கும். அவர் இரண்டு தடவை வைண்டிங் கட்டிவிட்டு மூன்றாவது தடவைதான் என்னைக் கூப்பிட்டார். 4 ஸ்கொயர் காப்பர் ஒயர் போட்டு, மிஷினைப் போர்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். காற்றைத் தூரமாகக் கொண்டுபோக ஹோஸ் இருக்கிறது. கரண்டைத் தூரமாகக் கொண்டுபோகாதீர்கள்.

காற்றோடு தண்ணீர் வருகிறது. மிஷின் கெட்டுவிட்டதா?

இல்லை. அது நம் ஊர்க் காற்றில் இருக்கும் தண்ணீர்தான். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்று சென்னை, தூத்துக்குடி பக்கத்துக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சிஎஃப்எம் மிஷின் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 100 கன மீட்டர் காற்றை உறிஞ்சும். அதில் இரண்டரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக இருக்கும். எட்டில் ஒரு பங்காக நசுக்கி ஆறவிட்டால் கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணீராகப் பிரிந்துவிடும். அது டேங்கில் தங்கும், லைனில் போகும், கடைசியில் உங்கள் பெயிண்டில் கொப்புளமாக எழும்.

தினமும் வேலை முடிந்ததும் டிரெய்ன் காக்கைத் திறந்துவிடுங்கள். அடுத்தது லைன்: பைப்பை லேசான சாய்வில் போடுங்கள், தாழ்ந்த முனையில் ஒரு டிரெய்ன் வையுங்கள். கிளை எடுக்கும்போது மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். கீழ் பக்கத்தில் துளை போட்டால் தண்ணீர் நேராக ஹோஸுக்குள் இறங்கும். ஃபில்டரைக் கம்ப்ரசர் பக்கத்தில் மாட்டிப் பயனில்லை. அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே தாண்டிப் போகும். கன்னுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் வந்தால், காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்கலாம். அதை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை.

கரண்ட் பில் எவ்வளவு வரும்?

5 ஹெச்பி முழு லோடில் மணிக்குச் சுமார் 4.4 யூனிட். நாளைக்கு 5 மணி நேரம் மோட்டார் ஓடினால் 22 யூனிட், மாதம் 25 நாளுக்கு 550 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். சில வருடத்திலேயே இது மிஷின் விலையைத் தாண்டும். மோட்டார் பிளேட்டில் ஐஇ2-க்குப் பதில், இன்னும் குறைவாகக் கரண்ட் எடுக்கும் தரமான ஐஇ3 என்று இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது அதனால்தான்.

லீக்கைப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு எல்லா டூலையும் மூடி, மிஷினை நிறுத்தி, முள்ளைப் பாருங்கள். 250 லிட்டர் டேங்கில் 10 நிமிடத்தில் 7-லிருந்து 6-க்கு இறங்கினால் நிமிடத்துக்கு 25 லிட்டர், அதாவது 1 சிஎஃப்எம் கொஞ்சம் குறைய வீணாகிறது. அது பரவாயில்லை. ஆனால் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 7 கிலோவில் 20 சிஎஃப்எம்முக்கு மேல் விடும். உங்கள் 5 ஹெச்பி மிஷின் தருவதைவிட அது அதிகம். சோப்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளிங்காகத் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

கட்-ஆஃப் அழுத்தத்தையும் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு கிலோ கூடும்போதும் 6, 7 சதவீதம் கரண்ட் கூடும்.

எந்த கம்பெனி வாங்கலாம்?

எங்கள் ஊரில் இதைக் கேட்டால் முதலில் வரும் பெயர் எல்ஜி. 1960-ல் கோவையில் தொடங்கிய கம்பெனி; டிவி, ஃபிரிட்ஜ் விற்கும் கொரிய எல்ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இதை விளக்கியே எனக்கு வாய் வலிக்கிறது. இங்கர்சால் ராண்ட், சிகாகோ நியூமேட்டிக், அனெஸ்ட் இவாட்டா போன்றவையும் புழக்கத்தில் உண்டு. கோவையைச் சுற்றிச் சின்னச் சின்ன தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள், சிலரின் மிஷின் உழைக்கவும் செய்கிறது.

பெயரைவிட நான் பார்ப்பது வேறு. உங்கள் ஊருக்கு 40, 50 கிலோமீட்டருக்குள் அதை ரிப்பேர் பண்ண ஆள் இருக்கிறாரா? வால்வு பிளேட், ரிங் செட், கேஸ்கெட் கிட் இன்று கேட்டால் நாளை கிடைக்குமா? வாரண்டி மோட்டாருக்கும் பம்ப்புக்கும் சேர்த்தா, தனித்தனியா? ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், மோட்டார் நேரடியாகப் பம்பைச் சுற்றும் சின்ன மிஷின்கள் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுகின்றன. பெல்ட் போட்ட மிஷினின் பம்ப் ஆயிரத்துக்கும் குறைவாகவே சுற்றும். வீட்டில் எப்போதாவது பயன்படுத்த முதல் வகை சரி. தினமும் சோறு போடும் மிஷினாக வேண்டுமென்றால் பெல்ட் போட்டதை வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பம்ப்பும் மோட்டாரும் பழையதாக இருக்கலாம், புதுப்பித்துக்கொள்ளலாம். டேங்க்கில் மட்டும் சமரசம் வேண்டாம். துரு உள்ளே இருந்து, அடிப்பக்கத்தில்தான் தின்னும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். டிரெய்னைத் திறந்தால் செம்மண் கரைசல் மாதிரி கொட்டுகிறதா, டேங்க் உடம்பில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா, தயாரித்த வருடமும் சோதனை அழுத்தமும் பொறித்த பிளேட்டைப் பிடுங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் ஹைட்ரோ டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்: டேங்க்கில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது. காற்றை ஏற்றிச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீரில் விரிசல் விட்டால் ஒழுகும், காற்றில் விரிசல் விட்டால் தகடு பறக்கும்.

எங்கே வைப்பது?

மாடிப்படிக்கு அடியில் வேண்டாம். அங்கே சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். சுவரில் இருந்து ஒரு அடியாவது தள்ளி, மரத்தூளும் பெயிண்ட் புகையும் வராத பக்கம் வையுங்கள்.

ஆயில், பராமரிப்பு?

புது மிஷினில் முதல் ஆயிலை 50 முதல் 100 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள், அப்புறம் 500 மணிக்கு ஒருமுறை. பைக் இன்ஜின் ஆயிலை ஊற்ற வேண்டாம். அதில் உள்ள மருந்து தண்ணீரோடு கலந்து வால்வில் கரியாகப் படியும். கம்ப்ரசர் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டி ஊதுங்கள். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குள் இறங்க வேண்டும். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், "சர்ர்" என்று காற்று வந்தால் உயிரோடு இருக்கிறது.

ஊட்டியில் கடை. அதே கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி கீழே இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே 3 ஹெச்பி போதும் என்றால் அங்கே 5 வாங்குங்கள்.

மோட்டார் நின்றதும் "புஸ்" என்று ஒரு சத்தம் வருகிறது. லீக்கா?

பயப்பட வேண்டாம். பம்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் உள்ள குழாயில் தங்கிய காற்றைப் பிரஷர் சுவிட்ச் வெளியே விடுகிறது, அடுத்த தடவை மோட்டார் பாரமில்லாமல் ஸ்டார்ட் ஆவதற்காக. அந்தச் சத்தம் வராமல் போனால்தான் மோட்டார் திணறும். இரண்டு நொடியில் நிற்காமல் தொடர்ந்து சீறிக்கொண்டே இருந்தால், டேங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் கரி சிக்கியிருக்கிறது. கரண்டை அணைத்து, டேங்க்கை முழுக்கக் காலி செய்த பிறகு அதைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.